முன் இருக்கையில் யார்

"அதெல்லாம் சரிம்மா. முன்னால யாரு உக்காரப் போறாங்க, அதைச் சொல்லுங்க."

"யாராவது ஒருத்தர் சார்."

"யாராவது ஒருத்தர்னு ஒரு பிள்ளை இல்லையே. பெரியவளா, சின்னவனா?"

"ஒரு நாள் அவ, ஒரு நாள் இவன்."

"சரி. முதல் நாள்?"

தையல்காரி இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். அவள் இடுப்பில் இருந்த ஒன்பது மாதச் சின்னவன், அவள் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தான். மூன்று வயது இன்னும் நிரம்பாத பெரியவள் கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து, பெயர்ந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கை அதிகாரி, பேனாவைத் தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்தபடி காத்திருந்தார். அப்படிக் காத்திருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"முதல் நாள் யாருன்னு இப்பவே சொல்லணுமா சார்?"

"முதல் நாள்தாம்மா எல்லாமே. ரெண்டாவது நாள்ல இருந்து அது வெறும் பழக்கம்."

அந்த நகரத்தில் ஒரு குழந்தைக்கான தள்ளுவண்டி எந்தக் கடையிலும் கிடைக்கும். இரண்டு குழந்தைகளுக்கான இரட்டை வண்டிக்கு மட்டும் நகரத்தின் இருக்கை வாரியத்துக்கு வரவேண்டும். ஒரு குழந்தையை எப்படி உட்கார வைத்தாலும் அது நியாயம்தான், இரண்டாவது குழந்தை பிறந்த பிறகுதான் நியாயம் பிறக்கிறது என்று வாரியத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். வண்டிகள் இரண்டு வகை. பக்கவாட்டு வண்டியில் குழந்தைகள் அருகருகே உட்காரும். முன்பின் வண்டியில் ஒன்றன் பின் ஒன்றாக உட்காரும். விருப்பமானதைப் பெற்றோர் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம். தேர்வு சரிதானா என்று வாரியம் முடிவு செய்யும்.

தையல்காரி மருத்துவமனையின் துணி அறையில் வேலை பார்த்தாள். கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பதும், தைக்க முடியாதவற்றைத் தலையணை உறையாக வெட்டுவதும் அவள் வேலை. கணவன் தொலைதூர லாரி ஓட்டுநர், மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருப்பான். காலையில் சின்னவனை இடுப்பிலும் பெரியவளைக் கையிலும் பிடித்துக்கொண்டு அவள் குழந்தைகள் காப்பகத்துக்கு நடக்க வேண்டும். இருபத்தைந்து நிமிட நடை. ஆனால் பெரியவள் ஒவ்வொரு தண்ணீர்க் குழாயிடமும் நலம் விசாரிக்கிறவள். ஒரு நாள் நத்தை ஒன்று சாலையைக் கடக்கும் வரை அவள் அசையவில்லை. அன்று காப்பகத்துக்கு முதல் தாமதம். இன்னொரு நாள் சின்னவன் வாந்தியெடுத்தான், அது இரண்டாவது. மூன்றாவது தாமதத்தில் காப்பகத்தில் இரண்டு குழந்தைகளின் இடமும் போய்விடும். இடம் போனால் வேலையும் போகும். அவளுக்கு வேண்டியதெல்லாம் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி.

"எங்க லிஃப்ட் கதவு இருபத்தி நாலு இன்ச் சார். பக்கவாட்டு வண்டி முப்பது இன்ச். உள்ளயே போகாது. முன்பின் வண்டி இருபத்திரண்டுதான். அதனாலதான் கேக்கறேன், வேற ஒண்ணுமில்ல."

"லிஃப்ட் கதவை யாரு அளந்தது?"

"நான்தான். இதாலதான்." அவள் கழுத்து டேப்பைத் தூக்கிக் காட்டினாள். நுனியோடு சின்னவனின் வாயும் கூடவே வந்தது.

"இது துணி அளக்கிற டேப்." அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். "துணிக்கு இருபத்தி நாலுன்னா இருபத்தி நாலு. கதவு விஷயத்துல இது என்ன சொல்லும்னு நமக்கு எப்படித் தெரியும்? சரி, பதினாலாவது கட்டம் காலியா இருக்கே, அதையாவது நிரப்புங்க."

பதினான்காவது கட்டத்தில், 'நீங்கள் எதையும் மறைக்காமல் பேசக்கூடிய ஒருவரின் பெயர்' என்று அச்சிட்டிருந்தது.

அதற்கு மட்டும் அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் கவுண்டரில் இருப்பது அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. வாரியத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னதே அவள்தான். "என் பேரையே போடு. எனக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். லாரியிலிருந்து கணவனும், "அக்கா இருக்கா இல்ல, உனக்கென்ன கவலை" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தான். பின்னணியில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

எழுதி முடித்ததும் அவள் ஐந்தாம் கவுண்டருக்குப் போனாள்.

"அண்ணி, எழுதிக் குடுத்துட்டேன்."

நாத்தனார் இடமும் வலமும் பார்த்தாள். "இங்க அண்ணின்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? கவுண்டர்ல மேடம்னு கூப்பிடு. வெளிய வந்தா அண்ணி."

"சரி அண்ணி."

"பாரு, மறுபடியும்."

பெரியவள் எம்பி, "அத்தை" என்று கண்ணாடியைத் தட்டினாள். நாத்தனார் யாரும் பார்க்காத உயரத்தில் விரலை ஆட்டிக் காட்டிவிட்டு, 'அடுத்தவர்' என்ற பலகையைத் திருப்பி வைத்தாள்.

காத்திருக்கும் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் பக்கவாட்டு. ஒவ்வொன்றிலும் 'வழங்கப்பட்டது' என்று ஒரு சீட்டு. முன் வரிசைச் சீட்டுகள் வெள்ளையாகவும், பின்னால் போகப் போக மஞ்சளாகவும், கடைசியில் பழுப்பாகவும் இருந்தன. அவற்றுக்கு எதிரே ஒரே முகத்தோடு இரண்டு ஆண்கள் ஒரே மாதிரி டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். ஒருவருக்கு வழுக்கை, மற்றவர் தலையில் கொஞ்சம் முடி கூடுதலாக இருந்தது. அதற்காக அவர் கூச்சப்படுவது போலிருந்தது.

"உங்க பிள்ளைங்களுக்கா சார்?" தையல்காரி கேட்டாள்.

"இல்லம்மா. எங்களுக்கு."

"அம்மா விண்ணப்பிச்சாங்க" என்றார் மற்றவர். "வழங்கிட்டாங்க. அதோ, நாலாவது வரிசையில ரெண்டாவது."

"அப்புறம் ஏன் இங்கயே இருக்கு?"

"வழங்கறது ஒரு பிரிவு. வெளிய எடுத்துட்டுப் போறது வேற பிரிவும்மா. வருஷா வருஷம் வந்து புதுப்பிக்கலைன்னா வேற யாருக்காவது போயிடும். அம்மா பட்ட கஷ்டத்துக்கு நாங்க இதையாவது செய்யணும் இல்ல."

பெரியவள் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏன் ரெண்டு இருக்கு?" என்று கேட்டாள். முடி அதிகம் உள்ளவர் வழுக்கைக்காரரைப் பார்த்தார். "அதைத்தான் வாரியமும் கேட்டுச்சு" என்றார்.

அடுத்த வாரம் செயல்முறைச் சோதனை. வாரியத்தின் மாடியில், நடுக்கூடத்தில், சுவர் எதுவும் இல்லாமல், ஒரு கதவு மட்டும் நட்டு வைக்கப்பட்டிருந்தது. அகலமான, வார்னிஷ் மின்னும் கதவு. அதுதான் மாதிரிக் கதவு. ஒரு நல்ல குடும்பத்தின் கதவு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருப்பதாகப் பரிசோதகர் அறிமுகப்படுத்தினார். எந்த வண்டியும் அதில் மோதியதே இல்லையாம்.

வண்டியில் குழந்தைகளை வைக்க அனுமதி இல்லை. குழந்தைகள் அசையும், அளவு பிழையாகும். அதனால் இரண்டு மணல் மூட்டைகள். ஒன்றில் 'மூத்தது', இன்னொன்றில் 'இளையது' என்று தைத்திருந்தது. மூத்ததன் ஓரத்தில் தையல் விட்டு மணல் சிந்தியது. தையல்காரியின் கை தானாகச் சட்டையில் குத்தியிருந்த ஊசிக்குப் போயிற்று.

"தொடாதீங்க" என்றார் பரிசோதகர். "அது மேல விசாரணை நடந்துட்டு இருக்கு."

அவள் வண்டியை மாதிரிக் கதவு வழியாக மூன்று முறை தள்ளினாள். நான்காவது முறை பரிசோதகர் விசில் ஊதினார்.

"ரெண்டு குழந்தையும் அழுது. சமாதானப்படுத்துங்க."

"மூட்டையையா?"

"அழுதுட்டே இருக்கும்மா."

தையல்காரி சுற்றிலும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் குனிந்து, கைக்கு எட்டிய மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டு, தட்டிக் கொடுத்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். பரிசோதகர் எழுதினார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவருக்கு. "முதலில், இளையதை, எடுத்தார்."

"அது கிட்ட இருந்துச்சு சார்."

"கிட்ட இருந்ததாக, உணர்ந்தார்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் பால் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். சின்னவனைக் குளிப்பாட்டினாள். காய்ந்த துணிகளைப் பெரியவளுடையது ஒரு அடுக்கு, சின்னவனுடையது ஒரு அடுக்கு என்று மடித்து, இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். தையல்காரி பல நாளைக்குப் பிறகு நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தன் வீட்டில் இன்னொருத்தி தண்ணீரைத் திறந்து மூடும் சத்தம் இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை.

"ரொம்ப ஓஞ்சு போயிட்டடி நீ" என்றாள் நாத்தனார். "ரெண்டுல எது உன்னை ரொம்பப் படுத்துது?"

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி."

"என்கிட்ட என்ன? நான் என்ன வெளி ஆளா?"

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. பெரியவள் பக்கத்து அறையில் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சின்னவன் அழுதா உடம்பே எழுந்து போயிடுது அண்ணி. நான் போறதில்ல, அதுவே போகுது. பெரியவ விஷயம் வேற. காலையில அவ முதல்ல முழிச்சுக்குவா. அம்மா, அம்மான்னு கூப்பிடுவா. சில நாள் நான் கண்ணை மூடிட்டே படுத்திருப்பேன், தூங்கற மாதிரி. அவ வந்து என் கண்ணைத் தொட்டுப் பாத்துட்டு, 'அம்மா தூங்கறா, சத்தம் போடாதே'ன்னு பொம்மைகிட்டச் சொல்லிட்டுப் போயிடுவா. எனக்கு அந்த அஞ்சு நிமிஷம் வேணும் அண்ணி. அது கூட இல்லைன்னா நான் என்ன ஆவேன்னு தெரியல."

"எல்லா அம்மாவும் அப்படித்தான்" என்று நாத்தனார் அவள் தலையைத் தடவினாள். "இதுக்குப் போய் அழுவாங்களா? முகத்தைக் கழுவு. நான் டீ போடறேன்."

டீ நன்றாக இருந்தது. போகும்போது நாத்தனாரின் கைப்பையிலிருந்து ஒரு பேனா விழுந்தது. பெரியவள் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள்.

இறுதி விசாரணைக்குத் தையல்காரி அரை நாள் விடுப்பு எடுத்தாள். அரை நாள் விடுப்பென்றால் குழந்தைகளைக் காப்பகத்தில் பன்னிரண்டு மணிக்குள் விட வேண்டும். பத்து மணி விசாரணை பத்தே முக்காலுக்குத் தொடங்கியது, ஏனென்றால் வாரியத் தலைவர் தன் இரண்டு கைக்கடிகாரங்களும் ஒரே நேரம் காட்டும் வரை பேச்சைத் தொடங்குவதில்லை.

"நான் ரெண்டு பிள்ளைங்களைப் பெத்தவன்" என்று தலைவர் தொடங்கினார். "மூத்தவன் யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேன். அவங்களுக்கே சொன்னதில்ல. ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா ரெண்டு பேருக்கும் மருந்து குடுத்தேன். ஒருத்தன் பரீட்சையில தேறினப்ப, இன்னொருத்தன் மனசு நோகக்கூடாதுன்னு அவனைப் பாராட்டவே இல்ல. இன்னிக்கு ரெண்டு பேருமே என்கிட்டப் பேசறதில்ல. அதுலயும் பாருங்க, ஒரு துளி வித்தியாசம் கிடையாது. இதைத்தான் நான் நியாயம்னு சொல்றேன்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தலைவர் நெகிழ்ந்து, இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டார். ஈரம் ஒரு கண்ணில்தான் இருந்தது.

"வீட்டுச் சூழல் அறிக்கை" என்று கூப்பிட்டார்கள்.

நாத்தனார் எழுந்து நின்றாள். தையல்காரிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. நம் ஆள் பேசப் போகிறாள் என்று சின்னவனை மடியில் நேராக உட்கார வைத்தாள்.

"பதினான்காம் கட்டத்தில் குறிப்பிடப்பட்ட நம்பிக்கைக்குரியவர் என்ற முறையில் சமர்ப்பிக்கிறேன்" என்று நாத்தனார் தெளிவான குரலில் படித்தாள். "விண்ணப்பதாரர், இளைய பயனாளர் அழும்போது நான்கு விநாடிகளுக்குள் எழுகிறார். மூத்த பயனாளர் அழைக்கும்போது, விழித்திருந்தும் உறங்குவதாகப் பாவனை செய்கிறார். மூத்த பயனாளர் இந்த உறக்கத்தை உண்மையென நம்பி, பொம்மை ஒன்றுக்குத் தெரிவித்து வருகிறார். இது வாரத்தில் பல முறை."

தையல்காரியின் காதுக்குள் தையல் இயந்திரம் ஓடுவது போல ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, காது மந்தமான ஓர் உறுப்பினர் கையை உயர்த்தினார். "கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க."

"தூங்கற மாதிரி நடிப்பா சார்" என்றாள் நாத்தனார், உரக்க. "பொண்ணு அம்மா அம்மான்னு கூப்பிடும். இவ முழிச்சுக்கிட்டேதான் கிடப்பா, கண்ணைத் திறக்க மாட்டா."

தரையில் தன் ஷூவோடு விளையாடிக்கொண்டிருந்த பெரியவள் நிமிர்ந்தாள். அத்தையைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, நீ தூங்கலையா?"

எழுத்தர் புதிய தாள் ஒன்றை எடுத்து, 'மூத்த பயனாளரின் சாட்சியம்' என்று தலைப்பிட்டார்.

"சில நாள் தூங்குவேன்" என்றாள் தையல்காரி. "சில நாள்... தூங்கலடா."

பெரியவள் யோசித்தாள். "அப்போ நான் பொம்மைகிட்டப் பொய் சொல்லிட்டேனா?"

எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார். எழுத்து சரிதானா என்று ஒரு முறை படித்தும் பார்த்தார்.

தீர்ப்பு விரைவாக வந்தது. ஒப்புக்கொள்ளப்பட்ட பாரபட்சம் உள்ள குடும்பத்துக்கு முன்பின் வண்டி ஒருபோதும் வழங்கப்பட மாட்டாது. அந்தத் தாயின் கையில் முன் இருக்கை ஓர் ஆயுதம். மூத்த பயனாளரின் மனக்காயத்தைக் கருத்தில் கொண்டு, கருணை அடிப்படையில், முப்பது அங்குலப் பக்கவாட்டு வண்டி உடனே வழங்கப்படுகிறது.

"லிஃப்டுக்குள்ள போகாது சார்" என்றாள் தையல்காரி.

"அது லிஃப்டோட பாரபட்சம்மா" என்றார் தலைவர் கனிவாக. "அதுக்கு லிஃப்ட்தான் பதில் சொல்லணும்."

வண்டியைக் கூடத்தில் வைத்து ஒப்படைத்தார்கள். 'வழங்கப்பட்டது' என்ற வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. தையல்காரி இரண்டு பிள்ளைகளையும் அருகருகே உட்கார வைத்துப் பட்டையை மாட்டினாள். கடிகாரத்தில் பதினொன்று முப்பத்திரண்டு. லிஃப்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கீழே மாடிப்படி ஓரமாகவாவது நிறுத்திக்கொள்ளலாம். இப்போது இதைத் தள்ளிக்கொண்டு ஓடினால் போய்விடலாம். அவள் ஓடத் தொடங்கினாள்.

வாசலில் வண்டி நின்றுவிட்டது.

பின்னுக்கு இழுத்து, நேராக்கி, மறுபடி தள்ளினாள். சக்கரம் கதவு நிலையில் இடித்தது. அவள் டேப்பை எடுத்து அளந்தாள். வாரியத்தின் வாசலுக்கு இரண்டு கதவு. ஒன்று திறந்திருந்தது, இருபத்தேழு அங்குலம். இன்னொன்று மேலும் கீழும் தாழிட்டு, நடுவே பூட்டியிருந்தது. அவள் திரும்பிச் சுவரோரம் நின்ற வண்டிகளைப் பார்த்தாள். வெள்ளை, மஞ்சள், பழுப்பு.

"சாவி அஞ்சாம் கவுண்டர்ல இருக்கும்மா" என்றார் டை கட்டியவர்களில் வழுக்கைக்காரர். "எங்க அம்மாவும் அங்கதான் கேட்டாங்க."

நாத்தனார் கைப்பையை மாட்டிக்கொண்டு, ஐந்தாம் கவுண்டரைப் பூட்டிவிட்டு, சாவிக் கொத்தோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"கிடைச்சிடுச்சு பாத்தியா. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன் இல்ல. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே. வீடு வேற, கோப்பு வேற. சொந்தக்காரங்க விஷயத்துலயே உண்மையை எழுதினவன்னு தலைவரே எல்லார் முன்னாடியும் சொன்னார். திங்கட்கிழமையில இருந்து எனக்குக் கவுண்டர் இல்ல, மேசை. பதினஞ்சு வருஷம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருக்கேன்டி. என் தம்பிகிட்டயும் சொல்லிட்டேன், அவனுக்கு ஒரே சந்தோஷம்." அவள் குனிந்து சின்னவனின் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு சமமாக இருக்கட்டும் என்று பெரியவளின் கன்னத்தையும் கிள்ளப் போனாள். பெரியவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"தூங்கறியா?" என்று சிரித்தாள் நாத்தனார். பெரியவள் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னடி, ஒண்ணும் பேச மாட்டேங்கற? இன்னிக்கு எனக்கு அரை நாள், ஆபீஸ் முடிஞ்சிடுச்சு. இப்ப அண்ணின்னே கூப்பிடலாம்."

பதினொன்று முப்பத்தெட்டு. தையல்காரி கைப்பிடியை விடாமல் நின்றாள். டேப்பைச் சுற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமல், அவள் விரலில் ஆடிக்கொண்டிருந்த சாவிக் கொத்தைப் பார்த்தாள்.

"மேடம்" என்றாள். "அந்த இன்னொரு கதவைக் கொஞ்சம் திறந்து விடறீங்களா?"